கல்பனாக்காவின் சாவி

எங்கள் இரத்த ஆய்வகத்தில் எதைப் பற்றியும் கேட்கலாம். யார் செய்தது என்று மட்டும் கேட்கக் கூடாது. இதை எந்தச் சுவரிலும் எழுதி ஒட்டியிருக்கவில்லை. நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் ஒரு கண்ணாடிக் குடுவை கீழே விழுந்தபோது தெரிந்துகொண்டேன். “ஒடஞ்சிட்டுது” என்றார் ஒருவர். “ஆங், பாத்து நடங்க, கால்ல ஏறிடப் போவுது” என்றார் இன்னொருவர். பெருக்கினார்கள். தேநீர் வந்தது. யாருடைய கை பட்டது என்று எவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அங்கே வேலை செய்பவர்களில் பாதிப் பேர் முதலாளி ராஜவேலுவுக்கு ஏதோ ஒரு வழியில் உறவினர்கள். மீதிப் பேர் அந்த உறவினர்களின் ஊர்க்காரர்கள். ஒரு பெயரைச் சொன்னால் ஒரு குடும்பமே வாசலில் வந்து நிற்கும். ஆகவே பிழைகள் தாமாகவே நேர்ந்தன. தாமாகவே சரியும் ஆயின. அதில் ஒரு நாகரிகம் இருந்தது என்று இப்போதும் நினைக்கிறேன்.

ஐயா, நான் எதையோ மறைத்தேன் என்று நீங்கள் எழுதிக்கொள்வதற்கு முன் இதைச் சொல்லிவிட விரும்பினேன். மறைப்பதற்கு முதலில் யாராவது தேட வேண்டும்.

என் பெயர் எழிலன். அந்த ஆய்வகத்தின் கணினிகளுக்கு நான் பொறுப்பாளன். திருத்தணியில் பேருந்து நிலையத்துக்குப் பின்புறத் தெருவில் முதன்மை ஆய்வகம் இருக்கிறது. மணவூர், கனகம்மாசத்திரம், பள்ளிப்பட்டு ஆகிய மூன்று இடங்களில் கிளைகள். கிளைகளில் இரத்தம் எடுத்து இயந்திரத்தில் வைப்பதோடு சரி. இயந்திரம் சொல்லும் அளவுகள் பக்கத்திலிருக்கும் கணினியில் பதிவாகும். அவற்றைப் பார்த்துச் சரி என்று சொல்லத் தகுதியுள்ளவர் ஒருவர்தான், கல்பனாக்கா. அவர் திருத்தணியில் உட்கார்ந்தபடியே வலைப்பின்னல் வழியாக அந்தந்த ஊர்க் கணினிக்குள் நுழைவார், அளவுகளைப் பார்ப்பார், தேவைப்பட்டால் திருத்துவார், பிறகு அறிக்கையை வெளியிடுவார். மருத்துவரிடம் இருக்கும் அச்சுப்பொறியில் அது வந்து விழும்.

நான் வருவதற்கு முன் நான்கு கணினிகளுக்கும் ஒரே கடவுச்சொல். முருகனின் பெயரும் அதன் பின்னால் சில எண்களும். எதிர்த்த தேநீர்க் கடைக்காரருக்குக்கூட அது தெரியும் என்பதைச் சேர்ந்த இரண்டாம் நாளே கண்டேன். ஓர் அறிக்கையில் ஒருவர் கை வைத்தால், வைத்தவர் இன்னார் என்று சொல்ல வழியே இல்லை. எல்லாரும் எல்லாராகவும் உள்ளே போய்வந்தார்கள். அந்த இடத்தின் பழக்கத்துக்கு அது மிகவும் பொருந்தியிருந்தது என்று இப்போது தோன்றுகிறது. அப்போது எனக்கு இரவில் தூக்கம் வரவில்லை.

கடவுச்சொல்லை எடுத்துவிட்டு ஆளுக்கொரு சாவி கொடுப்பதென்று முதலாளியிடம் பேசி ஒப்புக்கொள்ள வைத்தேன். சாவி என்பது இங்கே ஒரு சிறிய கோப்பு. அதற்கு இரண்டு பாதிகள். ஒரு பாதியை நான்கு கணினிகளிலும் பதித்து வைக்க வேண்டும். அதை யார் பார்த்தாலும் கேடில்லை. மறுபாதி உரியவரிடம் மட்டுமே இருக்க வேண்டும். இரண்டும் பொருந்தினால்தான் கதவு திறக்கும். திறந்தவர் பெயரும் அவர் செய்ததும் பதிவாகும். இந்த ஏற்பாட்டின் முதல் விதி, மறுபாதியை உரியவரே தம் கையால், தம் கணினியில் உருவாக்கிக்கொள்ள வேண்டும் என்பது. வேறொருவர் உருவாக்கிக் கொடுத்தால் அது சாவியே அல்ல. இந்த விதி எனக்குத் தெரியும். அதை நான் மீறியது என் விருப்பத்தால் அன்று.

முதலாளி கேட்டார்: “சாவின்னு சொல்ற. அப்பறம் சும்மா அப்பிடியே குடுத்துடுவியா?”

“வேற எப்படிங்க நைனா?” என்றேன். ஆய்வகத்தில் எல்லாரும் அவரை நைனா என்றுதான் அழைப்போம்.

“வண்டி வாங்குனா சாவிய எங்க எடுத்துகினு போறோம்? மலைக்கு. கடை தொறந்தா? மலைக்கு. இதுக்கு மட்டும் இன்னா கொம்பா மொளச்சிகீது? சித்திரக் கிருத்திகைக்கு எல்லாத்தயும் ஒரே தட்டுல வச்சி, அர்ச்சன பண்ணி, அப்பறம் என் கையால குடுக்கறேன்.”

கிருத்திகைக்கு இரண்டு நாள்தான் இருந்தது. ஆளாளுக்குச் சொல்லிக் கொடுத்து உருவாக்க நேரமில்லை. எல்லாருடைய சாவிகளையும் என் மடிக்கணினியிலேயே உருவாக்கி, பென்டிரைவ்களில் ஏற்றி, ஒவ்வொன்றிலும் பெயர்ச்சீட்டு ஒட்டினேன். தாம்பாளத்தில் வெற்றிலை, பழம், தேங்காய்க்கு நடுவே அவை மலையேறின. அர்ச்சகர் எண்ணாமல் எல்லாவற்றின் மீதும் சந்தனம் வைத்தார். படியிறங்கி வரும்போது கல்பனாக்கா தன்னுடையதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, “தம்பி, இதுக்கு வாரத்துக்கு ஒரு தபா கற்பூரம் காட்டணுமா, இல்ல மாசத்துக்கு ஒரு தபா போதுமா?” என்றார். முதலாளிகூடச் சிரித்தார்.

என் மடிக்கணினியில் நகல்கள் இருந்தன. அழிக்கத்தான் எண்ணியிருந்தேன். ஆனால் தொலைத்துவிட்டு வந்து நிற்பார்களே என்ற கவலையும் இருந்தது. சாவி வேலை செய்ய ஆளுக்கொரு மறைச்சொல் வைத்துக் கொடுத்து, உடனே மாற்றிக்கொள்ளுங்கள் என்று சொன்னேன். மாற்றினால் அவர்களிடமுள்ள சாவிக்குத்தான் மறைச்சொல் மாறும். என்னிடமிருந்த நகலுக்கு மாறாது. இதை அவர்களுக்கு விளக்கவில்லை. குழப்பம்தான் மிஞ்சியிருக்கும்.

அதன்பின் எல்லாரையும் உட்கார வைத்து ஒரு வகுப்பு எடுத்தேன். சாவியை யாரிடமும் கொடுக்கக் கூடாது, கணினியில் செருகிவிட்டு எழுந்து போகக் கூடாது, ஒருவருடைய சாவி செய்ததெல்லாம் அவரே செய்ததாகத்தான் பதிவாகும், ஆள் பொய் சொல்லலாம், சாவி பொய் சொல்லாது என்றேன். நல்ல வகுப்பு அது. கல்பனாக்கா கை தூக்கினார்.

“தம்பி, எங்கூட்டு பீரோ சாவியவே நானு அரிசி டப்பாலதான் போட்டு வச்சிகீறேன். எங்க மாமியாருக்குத் தெரியும், பக்கத்து ஊட்டுக்குத் தெரியும். திருடனுக்கு மட்டும்தான் தெரியாது. இதுவர ஒண்ணும் போவல.”

எல்லாரும் சிரித்தார்கள். அன்றுமுதல் எனக்குச் சாவிச் சாமியார் என்று பெயர். அதை வைத்தவரும் அவர்தான். அந்தச் சிரிப்புக்கும் பின்னால் நான் செய்ததற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. அப்படி ஒரு தொடர்பு இருப்பதாக நீங்கள் நினைக்கக்கூடும் என்பதால் சொல்கிறேன்.

கல்பனாக்கா கவனமானவர். இருபது ஆண்டுகளில் அவர் வெளியிட்ட அறிக்கையை எந்த மருத்துவரும் திருப்பி அனுப்பியதில்லை. ஆனால் சாவியை மட்டும் கணினியிலேயே செருகிவிட்டுச் சாப்பிடப் போவார். நான் எடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தால், “எங்க ஓடிடப் போவுது தம்பி, அது இன்னா ஆடா?” என்பார். மற்றவர்கள் அவரைப் பார்த்தே பழகினார்கள். வேணு, இரத்தம் எடுக்கக் கிளைகளுக்குப் போய்வரும் பையன், தன் சாவியை வண்டிச் சாவிக் கொத்தில் கோத்துவிட்டு வண்டியோடு தெருவில் நிறுத்திவிட்டு வந்தான். இரண்டு மாதங்களில் என் ஏற்பாடு முழுவதும் பழைய கடவுச்சொல்லின் நிலைக்கு வந்துவிட்டது. சொல்லித் திருத்த முடியாது என்பது தெளிவாயிற்று. காட்டித்தான் திருத்த முடியும்.

யாருடைய சாவியால் காட்டுவது என்று யோசித்தேன். கவனமற்றவரின் சாவி களவு போனால் அவரைத் திட்டிவிட்டு மறந்துவிடுவார்கள். எல்லாரும் நம்புகிற ஒருவரின் சாவி களவு போனால்தான் சாவியைப் பற்றி யோசிப்பார்கள். ஆகவே கல்பனாக்காவின் சாவி. அதில் பகை இருந்திருந்தால் நான் வேணுவைத் தேர்ந்திருப்பேன். அவனைச் சிக்க வைப்பது எளிது.

ஆடிப் பரணி. மறுநாள் ஆடிக் கிருத்திகை என்பதால் ஊர் முழுக்க மஞ்சள் வேட்டியும் பூக்காவடியும். சென்னைச் சாலையில் கனகம்மாசத்திரத்தையும் தாண்டி வண்டிகள் நின்றிருந்தன. காணாமல் போன குழந்தைகளின் பெயர்களை ஒலிபெருக்கி தமிழிலும் தெலுங்கிலும் மாறி மாறிச் சொல்லிக்கொண்டிருந்தது. ஆய்வகத்தில் பாதிப் பேர் இல்லை. கல்பனாக்கா உள்ளறையில் சாப்பிட உட்கார்ந்தார். அன்று அவர் தன் சாவியை மறக்காமல் எடுத்துக்கொண்டு போனார் என்பதைச் சொல்ல வேண்டும். உண்மையாகவே செருகியிருந்தால் நான் அதையே பயன்படுத்தியிருப்பேன். இல்லாததால் நகலைப் பயன்படுத்தினேன்.

கனகம்மாசத்திரம் கணினியில் அவருடைய பெயரால் நுழைந்தேன். வெளியிடக் காத்திருந்த அளவுகள் வரிசையாக இருந்தன. எல்லாம் கறுப்பு எழுத்து. ஒன்று மட்டும், ஆபத்தான அளவுக்கு ஏறிவிட்டது என்று, சிவப்பு. கண் அங்கேதான் போகும். பொட்டாசியம், ஆறு புள்ளி எட்டு. அதற்கு மேல்வரிசையில் ஒரு பெண்ணுடைய அளவு. இயந்திரத்திலிருந்து பதிவாகாமல் போனதால் வேணு தொலைபேசியில் படித்துச் சொல்ல, கல்பனாக்கா காலையில் கையால் இட்டது. நாலு புள்ளி இரண்டு. அதே எண்ணைச் சிவப்பின் மேல் இட்டேன். அது கறுப்பாயிற்று.

ஏன் அதே எண் என்று கேட்பீர்கள். போலி, போலியாகவே தெரிந்தால் அதில் பாடம் இல்லை. ஒரு வரிசை தவறி இட்டதைப் போல இருக்க வேண்டும். மறுநாள் காலை கிருத்திகைப் பூசைக்கு எல்லாரும் கூடும்போது அந்தப் பதிவைத் திரையில் காட்டி, “இதைச் செய்தது கல்பனாக்கா என்று பதிவு சொல்கிறது, ஆனால் செய்தது நான்” என்று சொல்வதாகத் திட்டம். சொல்லும்போது அவர் முகம் எப்படி இருக்கும் என்பதைச் சிலமுறை மனத்தில் பார்த்திருந்தேன். ஆய்வுக்காக ஒரு பொய் நோயாளியை உருவாக்கி அதில் செய்திருக்கலாமே என்று முதலாளி பின்னர் கேட்டார். செய்திருக்கலாம். அதற்கும் சிரித்திருப்பார்கள்.

கல்பனாக்கா கை கழுவிவிட்டு வந்து, தன் சாவியைச் செருகி, எல்லாம் கறுப்பாக இருப்பதைப் பார்த்து, அறிக்கைகளை வெளியிட்டார். பிறகு இரத்தம் எடுக்கும் அறைக்குப் போனார். சற்று நேரத்தில் தொலைபேசி ஒலித்தது. நான் எடுத்தேன்.

“சார், சத்திரத்துல இருந்து நர்சு கனிமொழி பேசறேன். வீராசாமின்னு ஒருத்தருக்கு ரிப்போர்ட் வந்துகீது. பொட்டாசியம் நார்மல்னு கீது. டாக்டரு நம்பமாட்டேன்றாரு. ஈசிஜி அப்பிடி இல்லயாம். அந்த ரத்தத்தயே இன்னொரு தபா ஓட்டிப் பாக்கறீங்களா?”

வீராசாமி என்ற பெயரை அப்போதுதான் முதன்முதலாகக் கேட்டேன். திரையில் நான் எண்ணைத்தான் பார்த்திருந்தேன்.

“அது கல்பனாக்கா பாத்து வுட்ட ரிப்போர்ட்டுங்க” என்றேன்.

“தெரியும் சார். ஆளு மூச்சு வாங்கிகினு கீறாரு. மோசமா இருந்தா, இந்தக் கூட்டத்துல பூந்துகினாவது திருவள்ளூருக்கு அனுப்பிடலாம்றாரு டாக்டரு. நார்மல்னா அவ்ளோ தூரம் ரோட்டுல மாட்ட வுடவேணாம், மாத்திரையக் குடுத்து ஊட்டுக்கு அனுப்பிடலாம்றாரு. அதான் ஒரு வார்த்த கேக்கச் சொன்னாரு.”

“நார்மல்தாங்க.”

“கன்ஃபார்மா சார்?”

“ஆங்.”

அவர் நன்றி சொல்லி வைத்தார்.

இந்த இடத்தில் நீங்கள் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்க்கிறீர்கள். நானும் இந்த இடத்தைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அந்த நர்சு கேட்டது அறிக்கை சரியா என்று. முறைப்படி உரிய சாவியால் வெளியான அறிக்கை அது. அதைத் தொலைபேசியில் ஒரு வார்த்தையால் நான் கவிழ்த்தால், அந்தச் சாவிக்கு என்ன மதிப்பு? மேலும், அந்த நேரத்தில் சொன்னால் பரபரப்பில் போய்விடும். மறுநாள் காலை வரைக்கும் காத்திருந்தால் எல்லாரும் கேட்பார்கள். ஒரு மனிதருக்கு ஓர் இரவு என்பது பெரிதாக எனக்குத் தோன்றவில்லை. நான் மருத்துவம் படித்தவனல்லன்.

இருந்தாலும் திரும்ப அழைக்கலாமா என்று எண்ணினேன். எண் தொலைபேசியின் திரையில் இருந்தது. விரல் அதன்மேல் இருந்தபோது கல்பனாக்கா பஞ்சோடு வெளியே வந்தார்.

“போன் அடிச்சிதே, இன்னா தம்பி?”

“ராங் நம்பருக்கா.”

“கிருத்திக வந்தா போதும், போனுக்கே சாமி வந்துடுது” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

வீராசாமி மறுநாள் விடிவதற்குள் தன் வீட்டில் இறந்துபோனார். வேணுதான் செய்தி கொண்டுவந்தான். “தூக்கத்துலயே போய்ட்டாராம் நைனா. அவரு பையன் சக்திவேலு கிளினிக்குல வந்து கத்திகினு கீறான். டாக்டரு நம்ம ரிப்போர்ட்டக் காட்டறாரு.” மலையிலிருந்து அரோகரா ஒலி இறங்கி வந்துகொண்டிருந்தது. முதலாளி வயல்வழியாகச் சுற்றிச் சத்திரத்துக்குப் போனார். அங்கே இயந்திரத்தின் நினைவில் ஆறு புள்ளி எட்டு அப்படியே இருந்தது. கணினியில் நாலு புள்ளி இரண்டு. திரும்பி வந்து என் மேசைக்கு முன்னால் நின்றார்.

“நம்பரு மாறிட்டுது” என்றார்.

அவர் அவ்வளவுதான் சொன்னார். பதிவைத் திறக்கச் சொன்னார். திறந்தேன். படிக்கச் சொன்னார். படித்தேன். அந்த மாற்றத்துக்கு எதிரே கல்பனா என்று இருந்தது. நேற்றைய திட்டப்படி அந்த நேரத்தில் நான் இரண்டாவது வாக்கியத்தைச் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அந்த அறையில் யாரும் யாரையும் கேட்கவில்லை. முதலாளி சுவரைப் பார்த்தார். வேணு தரையைப் பார்த்தான். கேட்காத கேள்விக்கு எழுந்து நின்று விடை சொல்வது அங்கே பழக்கமில்லை. யாராவது கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

கல்பனாக்கா மட்டும் என் பக்கத்தில் வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். திரையை வெகுநேரம் பார்த்தார்.

“தம்பி, இது தப்பாக் காட்டுமா?”

“சாவி தப்பாக் காட்டாதுக்கா.”

“என்னுது மாதிரியே இன்னொண்ணு இருக்குமா?”

“ஒண்ணுதாங்க்கா. அதனாலதான் பத்திரமா வைங்கன்னு அவ்ளோ தபா சொன்னேன்.”

அவர் தன் வலதுகையைத் திருப்பிப் பார்த்தார். “மேல இருக்கற அந்தப் பொண்ணு நம்பர நாந்தான் போட்டேன். கீழயும் போட்டுட்டுகீறேன் போல. நெனவே இல்லயே தம்பி. கை போட்டத மனசு பாக்கலியா?”

நான் அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். மனிதக் கை தவறுவது இயல்பு என்று சொன்னேன். அப்படிச் சொன்னபோது எனக்கு அவர்மேல் உண்மையான இரக்கம் இருந்தது. அந்த இரக்கத்தைப் போலி என்று நீங்கள் எழுதினால் அது தவறாகும்.

காரியம் முடிந்த மறுநாள் வீராசாமியின் மனைவி எல்லம்மாள் ஆய்வகத்துக்கு வந்தார். சண்டைக்கு வரவில்லை. செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு வந்து நின்று, “எங்கூட்டுக்காரரு ரத்தத்துல இன்னா இருந்துச்சின்னு தெரிஞ்சிகினு போலாம்னு வந்தேன்” என்றார். நாத்து நட்ட கையோடு வலி என்று சொன்னாராம். இரண்டு நாளில் சரியாகிவிடும் என்று இவரே சொன்னாராம். அதனால் தன் பேச்சில் ஏதும் பிழையோ என்று தெரிய வேண்டுமாம். கல்பனாக்கா எழுந்து வந்து அவருடைய காலில் விழுந்தார். எல்லம்மாள் பயந்து பின்வாங்கினார். “எந்திரிம்மா, இன்னா இது, நீ இன்னாம்மா பண்ணே?” என்றார். நான் ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டேன். அந்த அறையில் அந்த நேரத்தில் பயனுள்ள ஒன்றைச் செய்தவன் நான் ஒருவன்தான்.

சக்திவேல் உங்கள் காவல் நிலையத்தில் புகார் கொடுத்ததை நீங்கள் அறிவீர்கள். முதலாளி வழக்கறிஞரைப் பார்க்கப் போனார். கல்பனாக்கா வேண்டாம் என்றார். தானே வந்து, என் கவனக்குறைவால் ஒருவர் இறந்தார் என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுப்பதாகச் சொன்னார். அவருக்குப் பத்தாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண் இருக்கிறாள், யுவஸ்ரீ. “தப்பு பண்ணா ஒத்துக்கணும்னு அவளுக்கு நாந்தான சொல்லிக் குடுத்தேன்” என்றாராம். சிறைக்குப் போக நேரலாம், இனி எந்த ஆய்வகத்திலும் வேலை கிடைக்காது என்று முதலாளி எடுத்துச் சொன்னார். நானும் அவருக்காகப் பரிந்து பேசினேன். இருபது ஆண்டுப் பணியைக் கருத்தில் கொள்ள வேண்டும் என்று முதலாளியிடம் கேட்டுக்கொண்டேன். அவர் என் தோளில் தட்டிக் கொடுத்தார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்த நாளுக்குப் பிறகு ஒருவர்கூடச் சாவியைக் கணினியில் விட்டுவிட்டு எழுந்து போகவில்லை. வேணு தன்னுடையதைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டான். மறைச்சொற்களைத் தாமே கேட்டு மாற்றிக்கொண்டார்கள். நான் எடுத்த வகுப்பால் முடியாதது முடிந்தது. சத்திரத்திலும் மணவூரிலும் பள்ளிப்பட்டிலும் இன்று வெளியாகும் ஒவ்வோர் அறிக்கையும் முன்னைவிடப் பாதுகாப்பானது. ஓராண்டில் எத்தனை அறிக்கைகள் என்று பார்த்தால், அதற்கு எதிரே ஒரு மனிதர். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் தவறாக எடுத்துக்கொள்வார்கள்.

முதலாளி ஒரு புதிய ஏற்பாட்டைக் கேட்டார். “இனிமே எந்த ஊரு கம்ப்யூட்டருக்குள்ள யாரு பூந்தாலும் எல்லாரு போனுக்கும் மெசேஜ் வரணும்.” நானே அதையும் அமைத்தேன். நல்ல யோசனைதான்.

நேற்று காலை கல்பனாக்கா உங்கள் நிலையத்துக்கு வருவதற்குமுன் ஆய்வகத்துக்கு வந்தார். எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு போகத்தான். யுவஸ்ரீயும் பள்ளிச் சீருடையில் கூட வந்திருந்தாள். முதலாளி தேநீர் வாங்கிவரச் சொன்னார். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் அவர்கள் நின்றிருந்தார்கள். இந்தப் பக்கம் நான் என் வேலையை முடித்துக்கொண்டிருந்தேன். பணியிலிருந்து விலகுபவரின் சாவியை எல்லாக் கணினிகளிலிருந்தும் நீக்க வேண்டும். முந்தின நாளே நான்குக்கும் கட்டளை அனுப்பியிருந்தேன். நீக்கியதோடு விட்டுவிடுவது அரைகுறை வேலை. நீக்கிய சாவியை ஒருமுறை செருகிப் பார்த்து, கதவு திறக்கவில்லை என்று உறுதிசெய்ய வேண்டும். பெரும்பாலானவர்கள் இதைச் செய்வதில்லை. நான் செய்வேன். நகலை எடுத்தேன். திருத்தணி மறுத்தது. சத்திரம் மறுத்தது. பள்ளிப்பட்டு மறுத்தது. மணவூர் திறந்தது.

முந்தின நாள் மணவூரில் மின்சாரம் இல்லை. என் கட்டளை அந்தக் கணினியைச் சென்று சேரவே இல்லை.

தடுப்புக்கு அந்தப் பக்கம் எல்லாருடைய கைப்பேசிகளும் ஒன்றாக ஒலித்தன. கல்பனாக்காவின் பைக்குள்ளும் ஒன்று ஒலித்தது. வேணு தன்னுடையதைப் பார்த்துவிட்டு, வாய்விட்டுப் படித்துவிட்டான். “கல்பனா, மணவூர் கணினியில் நுழைந்துள்ளார்.”

படித்த பிறகு அவரைப் பார்த்தான். அவர் தேநீர் டம்ளரோடு அவன் எதிரில் நின்றுகொண்டிருந்தார்.

“மெசினு கோளாறு” என்றார் முதலாளி. “மெசேஜ் தானா வந்துட்டுது. கரண்டு போய் வந்தா அப்பிடித்தான். டீயக் குடிம்மா, ஆறுது.”

“ஆங், கோளாறுதான்” என்றான் வேணு.

நான் இணைப்பைத் துண்டித்தேன். எல்லாரும் தேநீரைக் குடித்துவிட்டுக் கலைந்திருந்தால் அது கோளாறாகவே முடிந்திருக்கும். யாரும் என் பக்கம் திரும்பவில்லை. அவர்கள் என்னைக் காப்பாற்றுகிறார்கள் என்றுகூட அவர்களுக்குத் தெரியாது. அது அவர்களுடைய பழக்கம்.

கல்பனாக்கா டம்ளரைக் கீழே வைத்தார்.

“நைனா, என் சாவி எங்கிட்ட இல்ல. அந்தம்மா வந்துட்டுப் போன அன்னிக்கே சரவணப் பொய்கையில வுட்டு எறிஞ்சிட்டேன். கையில வச்சிக்கவே புடிக்கல. அது தண்ணிக்குள்ள கீது.”

“சரிம்மா, வுடு. எதுக்கு இப்ப அதெல்லாம்?”

“தண்ணிக்குள்ள கீற சாவி எப்பிடி நைனா மணவூருக்குப் போச்சி?”

முதலாளி தன் டம்ளரைப் பார்த்தார். யுவஸ்ரீ அம்மாவின் முந்தானையைப் பிடித்து, “வாம்மா, போலாம்” என்றாள். கல்பனாக்கா அவள் கையை எடுத்துவிட்டார். தடுப்பைச் சுற்றிக்கொண்டு என் மேசைக்கு வந்தார். மடிக்கணினியின் திரையை நான் மூடவில்லை. மூடினால் ஏதோ மறைப்பதாக ஆகும். அவருக்கு அந்தத் திரையைப் படிக்கத் தெரியும்; நான்தான் சொல்லிக் கொடுத்திருந்தேன். நான்கு வரிகளையும் படித்தார். நான்கிலும் அவருடைய பெயர்.

அவர் குரலை உயர்த்தவில்லை. ஆனால் அந்த ஆய்வகத்தில் எல்லாருக்கும் கேட்கும்படியாகத்தான் பேசினார்.

“தம்பி, மணவூர வுடு. அன்னிக்கு சத்திரத்துல அந்த நம்பர மாத்துனது யாரு?”

கேட்டவுடனே பதில் சொன்னேன், ஐயா. பதிவில் உங்கள் பெயர்தான் இருக்கிறது அக்கா என்றேன்.

அவர் மறுபடியும் கேட்டார். “யாரு?”